அமரர் பல்லாண்டு வாழ்க

ஹலோ… ஆமா, சீதாலெட்சுமிதான் பேசுறேன்… யாரு? கொஞ்சம் சத்தமாப் பேசுங்க, பின்னால ஒரே மெஷின் சத்தமா இருக்கு… கன்னையாவா? ஏன்டா, கூடப்பொறந்த அக்காகிட்டப் பேச "மேடம் இருக்காங்களா"ன்னா கேட்ப?… விளையாட்டா. பொண்ணுக்குக் கல்யாணம் பண்ணப் போற வயசுல விளையாட்டு. சரி, எங்கேருந்து பேசுற?… பிரிக்ஃபீல்ட்ஸ்ல. அச்சாபீஸ்லயா? கல்யாணப் பத்திரிகைதான் அடிச்சு ஊரெல்லாம் கொடுத்தாச்சே. இன்னும் என்னா வேலை அங்க உனக்கு?…

ம்… ம்… பசியாறிட்டேன், பசியாறிட்டேன். நீ விஷயத்துக்கு வா. இவ்வளவு நயமா நீ விசாரிச்சாலே ஏதோ வில்லங்கம்னு அர்த்தம்…

நல்லவேளை, நானே கூப்பிடணும்னு இருந்தேன். ரமணி கல்யாணத்துக்கு வாழ்த்துப்பா பாதி எழுதிட்டேன். மாப்பிள்ளை பேருதான் இடிக்குது. ராதாகிருஷ்ணன்னு முழுசாப் போட்டா வரி நீண்டு போவுது, அதான் என்னா பண்ணலாம்னு…

என்னா?… திருப்பிச் சொல்லு…

எழுத வேணாமா?

யாரு சொன்னா எனக்குச் சிரமம்னு? நான் சொன்னேனா? கை வலிக்குதுன்னேன். அது பாசார்ல தேங்கா வாங்கித் தூக்கிட்டு வந்த வலி, பாட்டு எழுதின வலி இல்ல… அப்ப யாரு எழுதுறா? அந்த ரிட்டயர்டு வாத்தியாரா? அந்தாளு மைக்கைப் பிடிச்சா… அவர் இல்லையா. அப்ப யாரு?…

கம்ப்யூட்டரா.

இரு, ரேடியோவை அடைச்சிட்டு வரேன். என் காதுலதான் கோளாறோ என்னமோ…

ம். இப்ப சொல்லு. மெதுவாச் சொல்லு… ஆமா… ஆமா… அச்சாபீஸ்காரன் புதுசா வாங்கியிருக்கான். சரி… பேரைத் தட்டினா பாட்டு வருது. பொண்ணு பேரு, மாப்பிள்ளை பேரு, அப்பா பேரு, அம்மா பேரு. தட்டினதும் கொடகொடன்னு பேப்பர்ல வந்து விழுது. எதுகை மோனையோட வருதா? பலே. கோலாலம்பூர்ல எல்லாரும் இப்ப அதுலதான் எழுதுறாங்களா? யாரு அந்த எல்லாரும்? பேரைச் சொல்லு, பாப்போம்… அச்சாபீஸ்காரன் சொன்னானா. அவன் சொல்லாம வேற யாரு சொல்லுவா?

என்னா இன்டெலிஜன்ஸ்?… ஆர்ட்டிஃபிஷியலா? எனக்குத் தெரியும்லா, ஆர்ட்டிஃபிஷியல் பூ தெரியும், ஆர்ட்டிஃபிஷியல் பல்லு தெரியும், உன் வாயிலயே ரெண்டு இருக்கு. கவரிங் நகையும் தெரியும். ஆனா கவரிங் மூளைன்னு ஒண்ணு வந்திருக்கிறதை இன்னைக்குத்தான் கேள்விப்படுறேன். பாத்து வாங்கு, வேர்வை பட்டாக் கறுத்துடப் போவுது.

சிரிக்காத. நான் சிரிக்கிறதுக்குச் சொல்லல.

ஏன்டா, நம்ம குடும்பத்துல எந்தக் கல்யாணத்துக்கு நான் எழுதல? காப்பார்ல சித்தப்பா பேத்திக்கு யாரு எழுதினா? கேரித்தீவுல உன் மச்சினன் கல்யாணத்துக்கு? உன் கல்யாணத்துக்கே யாரு எழுதினா? உன் பொண்டாட்டி பூரணம் அந்தப் பேப்பரை சாகுற வரைக்கும் அலமாரியில வச்சிருந்தா, தெரியுமா உனக்கு? நீ எங்க அதெல்லாம் பாத்த…

என்னாது? என்னா சொன்ன?… கேரித்தீவுல நான் படிச்சப்ப பாதி சனம் எந்திரிச்சு சாப்பிடப் போயிடுச்சா? அது என் பாட்டுக்காகப் போகலடா, கறி வாசத்துக்குப் போச்சு. ராத்திரி விருந்து, பசி நேரம். நீதான் மொத ஆளா எந்திரிச்ச. நான் மேலேருந்து… மேலேருந்து என்ன, கீழேருந்துதான் பாத்தேன். நல்லாவே பாத்தேன்.

இல்ல, நீ சொல்லு. மனசுல இருக்கிறதெல்லாம் சொல்லிடு… ஒரே பாட்டா? எல்லாக் கல்யாணத்துக்கும் ஒரே பாட்டையா படிக்கிறேன்? பேரை மட்டும் மாத்தியா? யாரு சொன்னா, உன் மச்சினன் பொண்டாட்டியா? அவளுக்குத் தமிழே எழுத்துக் கூட்டித்தான் வரும்… ஆமா, "கிள்ளான் ஆறாய் வளம் பெருகி"ன்னு எல்லாத்துலயும் வரும். வரட்டுமே. கிள்ளான்ல ஒரு ஆறுதான்டா இருக்கு. ஒவ்வொரு கல்யாணத்துக்கும் புதுசா ஆறு வெட்டவா முடியும்?

அதையேதான் கம்ப்யூட்டரும் பண்ணுதா. ஓஹோ. நானும் மெஷின், அதுவும் மெஷின். அது சாப்பாடு கேக்காது, அவ்வளவுதான் வித்தியாசம்.

கேளு. நடுவுல பேசாத. காப்பார் கல்யாணம் ஞாபகம் இருக்கா? பொண்ணோட அப்பன் அவ சின்னப் புள்ளையா இருக்கும்போதே விட்டுட்டு ஓடிப் போனவன். மாமன்தான் வளர்த்தான், போர்ட் கிள்ளான்ல லோரி ஓட்டி. கல்யாணத்தன்னைக்கு அந்த அப்பன் வெள்ளை வேட்டி கட்டிட்டு வந்து முன்னால உக்காந்திருக்கான். என் பேப்பர்ல "தந்தையின் தவப்பயனே"ன்னு எழுதி வச்சிருக்கேன். கையில மைக் இருக்கு. படிக்க முடியல. வாயிலயே முழுங்கிட்டேன். "மாமன் தோளில் வளர்ந்தவளே"ன்னு சொன்னேன். பேப்பர்ல இல்லாததுடா அது. அந்தப் பொண்ணு மாலையோட தலையைத் தூக்கி என்னைத் திரும்பிப் பாத்தா. மாமன் பந்தல்கால்கிட்ட போய் நின்னு மூக்கைச் சிந்தினான். இதை உன் பெட்டி பண்ணுமா? எதை எழுதுறதுன்னு வேணா அதுக்குத் தெரியலாம். எதை எழுதக் கூடாதுன்னு தெரியுமா?

தெரியாதுல்ல. அப்ப வாயை மூடு.

…என்னா சொல்ல வர்ற? சும்மா "அக்கா அக்கா"ன்னா? அக்காதான், தெரியுது…

இல்ல, நான் கேக்குறேன். தாலி இல்லாதவளுக்குக் கல்யாண மண்டபத்துல எங்கடா இடம்? சொல்லு. ஆரத்தி எடுக்க விடுவாங்களா? மேடை ஏற விடுவாங்களா? அரிசி தூவும்போதுகூட பின்வரிசையிலேருந்து தூவணும். உன் மச்சான் போனதிலேருந்து எனக்குன்னு இருந்தது அந்த மைக் ஒண்ணுதான். மேடைக்குக் கீழ, ஓரமா, ஸ்பீக்கர் பெட்டி பக்கத்துல. அந்த அஞ்சு நிமிஷம் நான் நின்னா யாரும் என்னை ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. அதையும் கொண்டுபோய் ஒரு டப்பாகிட்டக் கொடுத்துட்ட. அதுவும் யாரு கல்யாணத்துல? ரமணி கல்யாணத்துல. பூரணம் போனப்ப பால் பல்லு விழாத புள்ளை. ஜடை பின்னி, ஸ்கூல் அனுப்பி, வேலைக்குப் போற வரைக்கும் இந்த வீட்டுல என் பக்கத்துலதான் படுத்துக் கெடந்தா…

இந்தப் பாட்டுல கிள்ளான் ஆறே வரலடா. ஒரு வரிகூடப் பழசு இல்ல. அதுக்குத்தான் இவ்வளவு நாள் ஆச்சு.

…இல்ல, ஒண்ணும் சொல்ல வேணாம். நீ சமாதானம் சொன்னா எனக்கு இன்னும் எரியும். ரமணியே வந்து சொல்லணும்னு இருந்தாளா? எதை? "அத்தை, உன் பாட்டு வேணாம்"னு என் முகத்தைப் பாத்துச் சொல்லணும்னா? நல்லா வளர்த்தேன்லா.

படி. அந்தப் பாட்டைப் படி. கையிலதானே வச்சிருக்க?… கேக்கணும் எனக்கு. நமக்குப் பதிலா வந்த ஆள் எப்படிப்பட்ட ஆள்னு தெரிய வேணாமா? படி.

ம்… ம்… "ராதாகிருஷ்ணன் ராசனே வாழி"… சரி… "பாதாளம் வரை உன் புகழ் வாழி"… என்னா? திருப்பிப் படி. பாதாளமா? ஏன்டா, புகழ்னா வானத்துக்குப் போவும், திசைக்குப் போவும். இது என்னா கெணறு தோண்டுதா? பாதாளத்துல இவன் புகழை எவன் கேக்கப் போறான்? ராதாவுக்கு எதுகை பாதா. சந்தோஷம். பாதாம் பருப்புன்னு போட்டிருந்தாலும் வாய்க்கு ருசியா இருந்திருக்கும்.

மேல படி… "பக்கிரிசாமி பெற்ற மைந்தன் நீ… சிக்கனச் சிங்கத்தின் செல்வன் நீ"…

அட கன்னையா. சம்பந்தியைக் கஞ்சன்னு மைக் போட்டுச் சொல்லுது உன் பெட்டி. அதுவும் அந்தாளு பேரையும் சேத்து வச்சு… உண்மைதான். யாரு இல்லைன்னா? நிச்சயதார்த்தத்துக்குத் தட்டுல வச்ச ஆப்பிளைத் திரும்பப் பொட்டலம் கட்டித் தாப்பாவ் பண்ணி எடுத்துட்டுப் போனவர்தான். உண்மையா இருக்குறதாலதான்டா எழுதக் கூடாது. பக்கிரிக்கு எதுகையாக் கொக்குன்னு எழுதியிருந்தாக்கூட மன்னிச்சிருப்பாரு.

இன்னும் இருக்கா? படி, படி. நல்லாத்தான் இருக்கு, டிவி நாடகம் மாதிரி… "ரமணி எனும் நல்ல நங்கையே… அமரர் பூரணம் பெற்ற மங்கையே"…

…

அமரர்னு ஏன் வருது?… பத்திரிகையில போட்ட மாதிரியே தட்டினியா. அம்மா பேருங்கிற கட்டத்துல "அமரர் பூரணம்"னு. சரி, பத்திரிகைக்கு அது சரிலா. இருந்தாலும்… ரமணி, அமரர். எதுகை விழுந்திருக்கு பாரு. அதான் வயித்தெரிச்சல். அந்தச் சனியனுக்கு எதுகை மட்டும் நல்லா வருது.

கடைசி வரி என்னா? வாழ்த்து வரணுமே… ஏன் இழுக்குற? படி.

"அன்னை அமரர் பூரணமும்… தந்தை கன்னையாவும்… பல்லாண்டு வாழ்கவே."

…

டேய். அமரர் பூரணம் பல்லாண்டு வாழ்கன்னா?

அமரர்னா பேப்பர்ல கடைசிப் பக்கத்துல போட்டோவுக்கு மேல வர்ற வார்த்தைடா. செத்துப் போனவளை, மாலை போட்ட போட்டோவா இருக்குறவளை, பல்லாண்டு வாழச் சொல்லுது. அதுக்கு அமரரும் பேரு, பூரணமும் பேரு. பூரணத்தை எரிச்சிட்டு வந்து நீ சுவத்துல தலையை முட்டிக்கிட்டு உக்காந்திருந்தியே, அது அதுக்குத் தெரியுமா? அந்தப் புள்ளை "அம்மா எப்ப வரும்"னு கேட்டதுக்கு நான் என்னா பொய் சொன்னேன்னு தெரியுமா? மண்டபத்துல அத்தனை சனத்துக்கு முன்னால அதைப் படிச்சா ரமணி எப்படிடா உக்காந்திருப்பா அந்த மணவறையில?

…கன்னையா… அழாத. எனக்கும்தான் இருக்கு… சரி, சரி. விடு. அச்சாபீஸ்காரன் பாக்கப் போறான்.

என்னா?… இது மொதல்ல வந்த பேப்பரா? அப்ப வேற ஒண்ணு இருக்கா?… ஓ. உயிரோட இருக்கறவங்க பேரைத் தட்டுங்க, சரியாயிடும்னு சொன்னானா? நல்ல வைத்தியம். பூரணத்தை எடுத்துட்டு அந்தக் கட்டத்தைக் காலியா விட வேண்டியதுதானே… காலியா விட்டா மெஷின் ஒத்துக்காதா? அம்மா பேரு இல்லாம பாட்டு வராதா? அம்மா இல்லாத புள்ளைங்க எல்லாம் கல்யாணம் பண்ணிக்கக் கூடாதா என்னா… சரி. எந்தப் பேரைத் தட்டின?… நீ தட்டலையா? ரமணியா? ரமணி அங்க வந்தாளா?

எந்தப் பேரு?

…

என் பேரா.

தப்பாத் தட்டியிருப்பா. அத்தைன்னு ஒரு கட்டம் இருக்கும், அதுல தட்டுறதுக்குப் பதிலா… இல்லையா? அத்தைக்குக் கட்டமே கிடையாதா? பாரு, தமிழ்ப் பாட்டு எழுத வந்த மெஷின்ல அத்தைக்கு இடம் இல்ல. இதையெல்லாம் எந்த நாட்டுக்காரன் செஞ்சானோ…

இரு. இரு, இரு. அப்ப கடைசி வரி எப்படி வந்துச்சு? படி… "அன்னை சீதாலெட்சுமியும் தந்தை கன்னையாவும் இணைபிரியாது பல்லாண்டு"…

ஐயோ, நிறுத்துடா. நிறுத்து. அக்காளையும் தம்பியையும் இணைபிரியாமச் சேத்து வச்சிருக்கே பாவி. தெரியாதவன் கேட்டா என்னா நினைப்பான்? கருமம், கருமம். அந்தப் பேப்பரைக் கிழி மொதல்ல. இன்னும் எத்தனை அடிச்சிருக்கான்? எல்லாத்தையும் கிழி. குப்பையில போடாத, எவனாச்சும் எடுத்துப் படிப்பான்.

இதுல உனக்குச் சிரிப்பு வேற… நான் சிரிக்கல. இருமினேன்.

…என்னா, தப்பாத் தட்டலையா? தெரிஞ்சேதான் தட்டினாளா?… ம்… சொல்லு. இப்ப சொல்லு, நான் நடுவுல பேசல…

ம்…

ம்…

அவ அப்படியா சொன்னா? அவ வாயாலயா?… "வாழ்த்து படிக்கிறவங்க மைக்கிட்ட நிப்பாங்க, அம்மா மேடையிலதானே நிக்கணும்"னு… அதுக்காகத்தான் பாட்டு வேணாம்னாளா.

…

இல்லடா, அது எப்படி முடியும்? உனக்குத் தெரியாததா? நான் போய் மேடையில… நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க. கல்யாணத்தன்னைக்கு அந்தப் புள்ளைக்கு எதுக்கு அந்தப் பேச்சு? பக்கிரிசாமி பொண்டாட்டி ஒருத்தி போதும், மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு… என்னா? சொல்லிட்டாளா? யார்கிட்ட? பக்கிரிசாமிகிட்டயேவா?… அத்தை மேடையில இல்லைன்னா தாலியைக் கையில எடுக்க வேணாம்னு சொன்னாளா. அவங்க வீட்டுக்கே போயா? என்னா கொழுப்பு பாரு… அதுக்கு அவரு என்னா சொன்னாரு?… சரின்னுட்டாரா. மேடைக்கு ஆள் கூடினா அவருக்கு என்னா, காசா பணமா.

யார்கிட்டேருந்து வந்துச்சு இந்தத் திமிரு அதுக்கு? உன்கிட்டேருந்து வரல. நீ வாழ்நாள் பூரா தலையாட்டினவன்… என்கிட்டேருந்தா. போடா.

…

கன்னையா, இருக்கியா? கேளு. அச்சாபீஸ்காரன்கிட்டச் சொல்லு. என் பேரு அதுல வேணாம்… கோபத்துல சொல்லல, கேளுடா. பேப்பர்ல பூரணம் பேருதான் இருக்கணும். பெத்தவ அவ. "அமரர்"ங்கிறதை மட்டும் எடுத்துடு, "வாழ்க"ங்கிறதையும் எடுத்துடு. வெறும் பூரணம்னு இருக்கட்டும், "பூரணம் பெற்ற மங்கையே"ன்னு. அது போதும்… மெஷின் விடாதுன்னா மெஷினை ஓரமா வச்சுட்டுப் பேனாவால எழுதச் சொல்லு. அவன் கையில வெரலு இருக்குல்ல?

ஆமா. பேப்பர்ல அவ இருக்கட்டும். மேடையில நான் நிக்கிறேன்.

…நான் எழுதின பாதியா? அது கெடக்கட்டும்… ரமணி கேட்டாளா? மண்டபத்துல படிக்க வேணாம், முதல் நாள் ராத்திரி இங்க வந்து என் பக்கத்துல படுத்துக்கிட்டுக் கேப்பாளாமா… வரட்டும், வரட்டும். முடிச்சு வைக்கிறேன். மாப்பிள்ளை பேரு தேவையே இல்ல அப்ப, அந்தத் தொல்லையும் விட்டுது.

சரி, வைக்கவா?… இன்னும் என்னா?… புடவையா? எனக்கு எதுக்குடா புடவை? எங்கிட்ட வெள்ளையில நல்லது ஒண்ணு… அரக்கு கலரா?

அரக்கு கலர், சரிகை வச்சு… கன்னையா, நான் எப்படிடா கட்டுவேன் அந்தக் கலரை? யாரு எடுத்தா? இதையும் உன் கம்ப்யூட்டர்தான் எடுத்துக் கொடுத்துச்சா?…

ம்.

அவளே போய் எடுத்தாளா.

…

இருக்கேன்லா. லைன்லதான் இருக்கேன்… ஒண்ணுமில்ல. அந்தப் பாதாளத்தை மட்டும் மறக்காம எடுத்துடு. போனை வை.